ஈரத்துல ஒருத்தர், வெயில்ல ரெண்டு பேரு

எங்க வீட்டுக்காரருக்கு ஈரமான இடத்துல காய வைக்கிற வேலை. எனக்குக் காஞ்ச ஊருல ஈரக்காத்துக்குள்ள நின்னு பாக்குற வேலை. அவரு மலைமேல ஒரு தோட்டத்துல ஏலக்காய் உலர்த்துற கட்டடத்துக்குப் பொறுப்பு. பறிச்ச பச்சைக்காயை அங்க வெளிய போட்டா காயாது, பூசணந்தான் பூக்கும். அதனால அடுப்பு எரிச்சு, சூட்டைக் குழாய் வழியாக் கட்டடத்துக்குள்ள சுத்த விட்டுக் காய வைப்பாங்க. நான் ராஜபாளையத்துல ஒரு நூல் மில்லுல, நூலைக் கோன்ல சுத்துற வைண்டிங்ல இருந்தேன். எங்க ஊருக் காத்துல ஈரம் கிடையாது. நூலு பட்டுப் பட்டுன்னு அறுந்து போகும். அதனால மில்லுக்குள்ள மெஷினை வச்சுத் தண்ணியைப் பனி மாதிரி ஊதிக்கிட்டே இருப்பாங்க. அவரு மழைக்குள்ள எங்க ஊரு வெயிலை உண்டாக்குனாரு, நான் வெயிலுக்குள்ள அவரு ஊரு ஈரத்துல நின்னேன். இதைச் சொன்னா மில்லுல பொம்பளைக சிரிப்பாங்க, எனக்குத்தான் சிரிப்பு வராது.

எனக்கு வேண்டியிருந்தது ஒண்ணே ஒண்ணு. அவரு, நான், எங்க மக, மூணு பேரும் ஒரு கூரைக்கு அடியில இருக்கணும். நகை நட்டுன்னு நான் எதுவும் கேட்டதில்லை. புரட்டாசி சனிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூருப் பக்கத்துல இருக்குற எங்க திருவண்ணாமலை பெருமாளுக்குப் படியேறுறப்பவும் இதே வேண்டுதல்தான். பெரிய ஆசையா இது? உலகத்துல எல்லாருக்கும் கேக்காமலே நடக்குறதுதானே. எங்களுக்கு மட்டும் நடுவுல ஒரு மலை வந்து உக்காந்துக்கிட்டுது.

நான் பிறந்தது ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கிழக்க, கரிசக்காடு. கண்ணுக்கு எட்டுன மட்டும் கறுப்பு மண்ணு. பங்குனியில காலு போற அளவுக்கு வெடிச்சுக் கிடக்கும், ஐப்பசியில மழை விழுந்தா செருப்பைப் பிடிச்சு இழுக்கும். அவரு பிறந்ததே மலைமேல. அவரு அப்பா எங்க ஊருக்காரருதான், தோட்ட வேலைக்குப் போயி அங்கேயே தங்கிட்டாரு. சொந்தம் விட்டுப்போகக் கூடாதுன்னு என்னையக் கட்டி வச்சாங்க. எண்பதுகளோட ஆரம்பம் அது. மக பிறந்து மூணு வயசு ஆகுற வரைக்கும் நான் அம்மா வீட்டுலதான் இருந்தேன். பொறவு ஒரு பங்குனியில என்னையும் பிள்ளையையும் மேல கூட்டிக்கிட்டுப் போக அவரு வந்தாரு. பஸ்ஸுல போனா தேனி, கம்பம்னு சுத்தணும். தோட்டத்து ஆளுக மலையடிவாரத்துச் செண்பகத்தோப்பு வழியா நடந்தே ஏறுவாங்க, நாமளும் அப்படியே போவோம்னாரு.

விடியக் கிளம்புனோம். வனத்துறைச் சாவடியில பேரு சொல்லிட்டு ஏறுனா, முதல்ல எல்லாம் எனக்குத் தெரிஞ்ச சங்கதிதான். கள்ளி, இலந்தை, உடைமரம். அம்புட்டும் முள்ளு, இலை எல்லாம் நகக்கண் அளவு. இலை பெருசா இருந்தா வெயில் குடிச்சிரும்னு அதுகளுக்குத் தெரியும். செத்த நேரம் ஏறுனதும் மூங்கிலு, தேக்கு, வேங்கை. ஒரு மரத்துலயும் இலை இல்லை. கீழ காஞ்ச சருகு காலு போடுற இடமெல்லாம் நொறுங்குது. இதெல்லாம் பட்டுப்போச்சான்னு கேட்டேன். இல்லை, தண்ணி இல்லாத மாசத்துல துணியைக் கழட்டிப் போட்டுட்டு நிக்குது, மழை வந்தா உடுத்திக்கும்னாரு. பிள்ளை அவரு தோள்ல உக்காந்துக்கிட்டுச் சருகுச் சத்தத்துக்குக் கெக்கெக்கேன்னு சிரிச்சா.

மத்தியானம் தாண்டி ஒரு வளைவு திரும்புனோம். கதவைத் திறந்து வேற வீட்டுக்குள்ள போன மாதிரி இருந்துச்சு. வெளிச்சம் இல்லை. அண்ணாந்து பாத்தா இலைக்கு மேல இலை, ஆகாயத்தைக் காணலை. மரத்து மேல பாசி, பாசி மேல செடி, செடி மேல பூ. வெளிய பங்குனி வெயில் கொளுத்துது, இங்க மண்ணு சொதசொதன்னு இருக்கு. காலைப் பாத்தா அட்டை ஏறியிருக்கு. நான் போட்ட கூப்பாடுல அவரு விழுந்து விழுந்து சிரிச்சாரு. ஒரே மலை, ஒரே நாளு, ஒரே சூரியன். காலையில முள்ளுக்காட்டுல தாகத்துல தவிச்ச நான் சாயங்காலம் குளிருல நடுங்குனேன்.

மண்ணைக் கையில அள்ளிப் பாத்தேன், கரிசக்காட்டுக்காரிக்கு அது பழக்கம். கறுப்பாத்தான் இருந்துச்சு. அட, நம்ம மண்ணு மாதிரியே இருக்கேன்னு சந்தோசப்பட்டேன். அவரு காலால கொஞ்சம் தோண்டிக் காமிச்சாரு. மேல மட்டும் மக்குன இலை, அதுக்குக் கீழ செம்மண்ணு, வெளுத்த மண்ணு. வருசம் பூரா பெய்யுற மழை மண்ணுல இருக்குற சத்தையெல்லாம் கழுவிக்கிட்டுப் போயிருமாம். இந்தக் காட்டுக்குச் சோறு மண்ணுல இல்லை, விழுற இலையிலதான் இருக்கு. மரத்தை வெட்டிட்டா ரெண்டு மழையில மண்ணு வெறும் மண்ணாப் போயிரும்னாரு. எனக்கு நம்பிக்கை வரலை. எங்க கரிசல்ல ஒரு புல்லு முளைக்க எம்புட்டுப் பாடு, ஆனா ஒரு மழை பெஞ்சாப் போதும், அந்த ஈரத்தை வயித்துக்குள்ள வச்சுக்கிட்டுத் தை மாசம் வரைக்கும் பருத்தியைக் காப்பாத்தும். இம்புட்டுப் பச்சை நிக்குற இடத்துல மண்ணு ஏழைன்னா யாரு நம்புவா?

தோட்டத்துக்குப் போயிச் சேந்த பொறவு சித்திரை முழுக்கப் பிள்ளை நல்லாத்தான் இருந்தா. வைகாசி கடைசியில மழை பிடிச்சுது. அது மழையா? எங்க ஊருல மழைன்னா வரும், கொட்டும், போயிரும். இது வந்து குடியிருந்துச்சு. உப்பு ஜாடியில உப்பு இல்லை, தண்ணி இருக்கு. தீப்பெட்டி பத்தாது. நான் கீழயிருந்து கொண்டு போன வத்தல் வடகமெல்லாம் பூசணம் பிடிச்சு நூலு விட்டுப் போச்சு. சுவருல கையை வச்சா கையில பச்சை ஒட்டும். துவைச்ச துணி காய மாட்டேங்குது, அவரு கட்டடத்துல ஏலக்காயோட சேத்து ஒரு நாள் காய வச்சுக் கொடுத்தாரு. அந்த மழையிலதான் பிள்ளைக்கு இழுப்பு வந்துச்சு. நெஞ்சு கூடு உள்ள போயி வெளிய வரும், தொண்டையில விசில் சத்தம். மூணு வயசுப் பிள்ளை உக்காந்தபடியேதான் தூங்குவா.

கீழ கொண்டு வந்தோம். ராஜபாளையத்து டாக்டரு மருந்து கொடுத்துட்டு, இந்தப் பிள்ளைக்கு அந்த ஈரமும் பூசணமும் ஆகாது, மேல வச்சிருக்காதீங்கன்னுட்டாரு. அவருக்கு மேலதான் பொழப்பு. வேற வேலை தெரியாது. நான் ராஜபாளையத்துல ஒரு வீட்டைப் பிடிச்சு மில்லுக்குப் போக ஆரம்பிச்சேன். பக்கத்து வீட்டு அக்கா தெலுங்குக்காரங்க, நான் ஷிப்டு முடிஞ்சு வர்ற வரைக்கும் பிள்ளையைப் பாத்துக்குவாங்க. பஞ்சுத் தூசியும் இழுப்புக்கு ஆகாதுல்ல, நான் பின்வாசல் வழியா வந்து குளிச்சுட்டுத்தான் பிள்ளையைத் தொடுவேன்.

அவரு ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவை வருவாரு. பையைத் திறந்தா நனைஞ்ச நாயி வாடை அடிக்கும். எல்லாத்தையும் மொட்டைமாடியில விரிச்சுப் போடுவேன், ஒரு மணி நேரத்துல அப்பளமாக் காஞ்சிரும். ஆனியாடியில மேற்க பாத்தா மலை உச்சியில மேகம் போர்வை மாதிரி கிடக்கும். அந்தப் பக்கம் கொட்டு கொட்டுன்னு கொட்டும். இந்தப் பக்கம் எங்களுக்குக் காத்து மட்டும் வரும், கூட நாலு தூத்தல். பக்கத்து வீட்டு அக்கா என்னையக் கூப்பிட்டு, "உங்க வீட்டுக்காரரு குளிக்காரு பாரு"ன்னு மேகத்தைக் காட்டுவாங்க. மில்லுல அந்த மலையை என் சக்களத்தின்னே சொல்லுவாங்க. நானும் மேகத்தைப் பாத்து வாயில வந்தபடி வைவேன். கண்ணுக்குத் தெரியுற தூரத்துல இருக்குற மனுசனைப் பாக்க ஒரு நாள் பஸ்ஸுல சுத்தணும்னா வைய மாட்டோமா?

மக பள்ளிக்கூடத்துல பூகோளம் படிக்க ஆரம்பிச்சா. புத்தகத்துல உலகப் படம் ஒண்ணு, நிறம் நிறமாப் பட்டை போட்டிருக்கும். நடுவுல மழைக்காடு, அதுக்குப் பக்கத்துல புல்வெளி, பாலைவனம், மேல போகப் போக ஊசியிலைக் காடு, கடைசியில தூந்திரம். நான் அடுப்படியில இருந்துக்கிட்டுக் கேள்வி கேப்பேன். தூந்திரத்துல மரமே கிடையாது, மண்ணுக்கு அடியில எப்பவும் உறைஞ்சு கிடக்கும்னு வாசிச்சா. அப்ப அடுப்புக்கு என்னத்தைட்டி எரிப்பாங்கன்னேன், புத்தகத்துல அது இல்லை. ரஷ்யாப் பக்கம் புல்வெளியில கறுப்பு மண்ணு இருக்காம், மழை கம்மிங்கிறதால சத்து கழுவிப் போகாம தங்கிருச்சாம். அதைக் கேட்டதும் எனக்கு ரொம்ப சந்தோசம், எங்கேயோ சொந்தக்காரங்க இருக்குறாங்கன்னு தெரிஞ்ச மாதிரி. பருத்தி போடுவாங்களான்னேன். கோதுமையாம்.

ஒரு நாள் அவ பென்சிலால எங்க மலையை வரைஞ்சா. கடல்ல இருந்து வர்ற காத்து மலையில ஏறும், ஏற ஏறக் குளிரும், அந்தப் பக்கமே மழையைக் கொட்டிரும். இந்தப் பக்கம் இறங்குறப்ப அதுகிட்ட ஈரம் மிச்சம் இருக்காது. உலகத்துல எங்கெங்க எந்தக் காடு நிக்கணும்னு சொல்லுறது மழையும் வெயிலும் மண்ணும்தானாம், மரம் இஷ்டத்துக்கு இடம் பிடிக்க முடியாதாம். அதைச் சொல்லிட்டு, படத்துல மலைக்கு மேல ஒரு ஆளும் கீழ ரெண்டு ஆளும் வரைஞ்சு வச்சா. போயி வேலையப் பாருட்டின்னு அதட்டி விட்டேன்.

அவளுக்குப் பத்து வயசு ஆனப்ப அவரு ஒரு யோசனையோட வந்தாரு. முகமெல்லாம் பல்லு. உலர்த்துற கட்டடத்தோட சுவரை ஒட்டி ஒரு அறை கட்டியிருக்காராம். தோட்டத்து முதலாளிகிட்டக் கேட்டு, அவரே கல்லு சுமந்து கட்டுனது. அடுப்பு எரியுறப்ப அந்தச் சுவரு எப்பவும் கதகதன்னு இருக்கும், உள்ள ஒரு பொட்டு ஈரம் கிடையாது, பூசணம் எட்டிப் பாக்காது. "ஏலக்காயையே காய வைக்கேன், என் பிள்ளைக்கு ஒரு அறையைக் காய வைக்க முடியாதா?"ன்னாரு. எனக்கும் அது சரின்னுதான் பட்டுச்சு. மில்லுக்குள்ள ஈரத்தை உண்டாக்குறதை நான் தினமும் பாக்குறவ. வெயிலுக்குள்ள மழையைக் கட்ட முடிஞ்சா மழைக்குள்ள வெயிலைக் கட்ட முடியாதா? காலாண்டு லீவுல கூட்டிட்டுப் போயிப் பாப்போம், ஒத்துக்கிட்டா பள்ளிக்கூடத்தை மாத்திருவோம்னு முடிவு பண்ணுனோம். பெருமாளு கண்ணைத் திறந்துட்டாருன்னு அக்காகிட்டச் சொல்லிட்டுத்தான் கிளம்புனேன்.

அந்த அறை நிஜமாவே நல்லா இருந்துச்சு. சுவருல முதுகைச் சாய்ச்சா எங்க ஊரு மாசி மாசம். ஏலக்காய் வாசம், விறகு வாசம். மூணு பேரும் ஒரே பாயில படுத்தோம். எனக்கு அழுகையும் சிரிப்புமா வருது. இருந்தது ஒரே ஒரு குறை. கதவைத் திறந்தா மலை நிக்குது. பத்து வயசுப் பிள்ளையை எத்தனை நேரம் சுவரோட ஒட்டி உக்கார வைப்ப? ஒரு நாள் தோட்டத்துப் பிள்ளைகளோட உச்சிக்கு ஓடிட்டா. அங்க காட்டுக்கு மேல வெறும் புல்லுதான், காத்து அடிக்கிற அடியில மரம் நிக்காது. தொப்புத் தொப்புன்னு நனைஞ்சு, சிரிச்சுக்கிட்டே வந்தா. ராவு அந்தச் சூட்டு அறைக்குள்ள படுத்தா. விடியக்காலை முழிச்சுப் பாக்கேன், பிள்ளை உதடு நீலமா இருக்கு.

தோட்டத்து ஜீப்புல ஏத்துனோம். மழைத் தண்ணி ரோட்டுல ஆறா ஓடுது. அவரு பிள்ளையை மடியில நிமுத்தி வச்சுப் பிடிச்சுக்கிட்டு அவ முகத்தையே பாத்துக்கிட்டு வந்தாரு. நான் வேண்டாத சாமி இல்லை. எங்க மூணு பேரையும் ஒண்ணாச் சேத்து வையின்னு கேட்டதை வாபஸ் வாங்கிக்கிறேன், பிள்ளையை மட்டும் கொடுத்துருன்னு கேட்டேன். கம்பத்துல ஆஸ்பத்திரியில ஆக்சிஜன் வச்சாங்க. சாயங்காலந்தான் அவ கண்ணைத் திறந்து தண்ணி கேட்டா. அவரு வெளிய போயி, ஆஸ்பத்திரிச் சுவருல தலையை முட்டிக்கிட்டு நின்னாரு. ஒரு அறைக்கு வெயிலு கட்டிட்டேன், மலைக்குக் கட்ட முடியுமான்னு நினைக்காமப் போயிட்டேனேன்னு சொல்லிச் சொல்லி அழுதாரு. அங்கயே வச்சு, இனிமே நான் மலை ஏற மாட்டேன்னு சொன்னாரு.

அந்த வருசம் ஏலக்காய்ப் பறிப்பு முடிஞ்சதும் கணக்கை முடிச்சுட்டுக் கீழ வந்துட்டாரு. ஒரு வழியா மூணு பேரும் ஒரு கூரைக்கு அடியில. ராஜபாளையத்துல ஒரு மரக்கடையில வேலை கிடைச்சுது. அறுத்த மரத்தை மோந்து பாத்தே இது எந்த உயரத்துல நின்ன மரம்னு சொல்லுவாருன்னு முதலாளி பெருமையாச் சொன்னாரு. நான் தினமும் மூணு தட்டை வரிசையா வச்சுச் சோறு போட்டேன். அந்த மூணு தட்டைப் பாக்குறதே எனக்குப் போதும்னு இருந்துச்சு.

அவருக்குத்தான் ஒண்ணும் ஒத்துக்கலை. முதல் கோடையிலயே மூக்குல ரத்தம் வந்துச்சு. குதிங்காலு ரெண்டும் பாளம் பாளமா வெடிச்சுப் போச்சு. தோலு உரிஞ்சுது. ராவுல தூக்கம் இல்லை, தண்ணிப் பானையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருப்பாரு. போகப் போகப் பழகிரும்னு நானும் வெண்ணெய் தடவி விட்டேன், நல்லெண்ணெய் தேய்ச்சு விட்டேன். வருசம் ஒண்ணு போச்சு, ரெண்டு போச்சு, அப்படியே நாலஞ்சு வருசம். டாக்டரு உடம்புக்கு ஒண்ணுமில்லைன்னாரு. ஆனா நிறையப் பேசுற மனுசன், பேச்சு நின்னு போச்சு. கேட்டதுக்குப் பதில் சொல்லுவாரு, அம்புட்டுதான். ஐப்பசியில இங்க மழை பெய்யுற அன்னைக்கு மட்டும் தெருவுல போயி நின்னு நனைவாரு. அதைப் பாத்துட்டு நான் சண்டை போட்டிருக்கேன். உங்களுக்காகவா நானு இம்புட்டு வருசம் ஒத்தையில கிடந்தேன், இருக்குறப்பவும் இல்லாத மாதிரி இருக்கீங்களேன்னு கத்துவேன். அவரு ஈரச் சட்டையைப் பிழிஞ்சு கொடியில போடுவாரு. சண்டைக்குச் சண்டை போட்டிருந்தாக் கூட எனக்கு நிம்மதியா இருந்திருக்கும்.

தொண்ணூறுகளோட நடுவுல மக பத்தாவது முடிச்சு, ஸ்ரீவில்லிபுத்தூருல ஹாஸ்டல்ல தங்கிப் படிக்க இடம் வாங்குனா. இழுப்பு வந்தே ரொம்ப நாளாச்சு. நல்லா வளந்து, என்னைய விட உசரமா நின்னா. ஹாஸ்டலுக்குப் போறதுக்கு முந்தின நாளு, சாப்பிட்ட தட்டைக் கூட எடுக்காம அவரு முன்னாடி உக்காந்தா. சாதாரணமாத்தான் பேசுனா.

"அப்பா, உங்களைக் கொண்டுவந்து இந்த மண்ணுல நட்டது எனக்காக. நீங்க இங்க வேர் பிடிக்கலை. மேல போயிருங்கப்பா."

எனக்கு வந்துச்சே கோவம். கையை ஓங்கிட்டேன். எத்தனை வருசத்து வேண்டுதலு, அதை ஒரு வார்த்தையில தூக்கிப் போடுதாளேன்னு ஆத்திரம். உன் மூச்சுக்காகத்தானேட்டி அந்த மனுசன் எல்லாத்தையும் விட்டுட்டு வந்தாரு, நன்றி கெட்டவளேன்னு கத்துனேன். அவ என் கையைப் பிடிச்சுக் கீழ இறக்குனா.

"எனக்கு மூச்சு வருதும்மா. அவருக்குத்தான் வரலை."

நான் அவரைத் திரும்பிப் பாத்தேன். இல்லைன்னு சொல்லுவாருன்னு காத்துக்கிட்டு இருந்தேன். அவரு தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு, தோளு ரெண்டும் குலுங்குச்சு. அப்பத்தான் எனக்கு உரைச்சுது. நான் தினமும் எண்ணி எண்ணிச் சந்தோசப்பட்ட மூணு தட்டுல ஒரு தட்டுக்கு முன்னாடி உக்காந்திருந்த ஆளு, எங்களுக்காக மூச்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. அவ சொன்னது சரிதான். சரிங்கிறதுதான் என்னால தாங்க முடியலை.

அவரு முகத்தைத் துண்டால துடைச்சுக்கிட்டு, "நீயும் வாரியா?"ன்னு கேட்டாரு. கல்யாணம் ஆன நாள்ல இருந்து எப்பவும் பிள்ளைக்கு எது ஆகும்னுதான் பேசியிருக்கோமே தவிர, நீ வாரியான்னு அவரு என்னைய ஒரு தடவை கூடக் கேட்டதில்லை. நான் பிள்ளையைப் பாத்தேன். நான் போயிட்டா லீவுக்கு வந்தா இவளுக்கு யாரு சோறு போடுவா, மழைக்காலத்துல இவ எங்களைப் பாக்க மேல வரவும் முடியாதே, நான் எந்தப் பக்கம் இருந்தாலும் ஒரு பக்கம் என் பிள்ளையோ புருசனோ இல்லாமத்தானே இருக்கணும். மூணு தட்டையும் எடுத்து ஒண்ணு மேல ஒண்ணா அடுக்குனேன்.

மக எந்திரிச்சு மொட்டைமாடிக்குப் போனா. கொடியில காஞ்சு கிடந்த என் சேலைகளை எடுத்துக்கிட்டு வந்தா. ஒண்ணு ஒண்ணா மடிச்சு, அவரு மலையில இருந்து கொண்டு வந்த பைக்குள்ள வச்சா. கடைசிச் சேலையை மட்டும் மடிச்சுத் தன்னோட ஹாஸ்டல் பைக்குள்ள வச்சுக்கிட்டா.